கடலுக்கு முதுகு காட்டி

ஓர் அளவு சரியாக இருப்பதும், அதைச் சொல்வது சரியாக இருப்பதும் ஒரே காரியந்தானா?

நில அளவையாளர் அப்துல் றஸாக்கின் மனைவி சித்தி லைலாவுக்கு இந்தக் கேள்வி எந்தப் புத்தகத்திலிருந்தும் வரவில்லை. அவருக்குச் சோறு போடும்போது வந்தது. அவருடைய சட்டையைக் கழுவிக் காயப்போடும்போது வந்தது. கல்முனைக் கரையில் அவர்களுடைய தெருவில் றஸாக்கை நல்ல மனிதர் என்று சொன்னவர்கள் அதிகமில்லை. நேர்மையான மனிதர் என்பதை மறுத்தவரும் இல்லை. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தில்தான் லைலா குடும்பம் நடத்தினாள்.

அந்தப் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியேற வேண்டும். றஸாக் இறக்காமத்திலிருந்து வந்தார். வந்த முதல் கிழமையே முன்மண்டபத்தின் நான்கு மூலையும் சதுரமாக இல்லை என்று மாமனாரிடம் சொல்லிவிட்டார். மாமனார் முகைதீன்பாவா மரைக்கார், அதாவது அவர்களுடைய குடியின் சார்பில் பள்ளிவாசலைப் பரிபாலிக்கும் பொறுப்பில் இருந்தவர். அவருக்குக் கோபம் வரவில்லை. தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

"எண்ட மருமகன் வந்தாரு, வந்த அண்டைக்கே எண்ட ஊடு கோணலாப் போயித்து."

இறக்காமத்தில் வயலை விதைப்புக் கணக்கில்தான் சொல்வார்கள். எத்தனை மரக்கால் நெல் விதைக்கலாமோ அதுதான் வயலின் அளவு. றஸாக் சிறுவனாக இருந்தபோது அரசாங்க அளவையாளர் வந்து அவருடைய வாப்பாவின் வயலைச் சங்கிலி பிடித்து அளந்து, ஏக்கரில் ஓர் எண்ணைச் சொல்லிவிட்டுப் போனார். எல்லோரும் நினைத்திருந்ததைவிட அது குறைவு. வரம்பு அசையவில்லை, ஒரு பிடி மண்ணும் போகவில்லை. ஆனாலும் வாப்பா அன்று பின்னேரம் வயலைச் சுற்றி நடந்து வந்து, ஏதோ களவு போய்விட்டது போல உட்கார்ந்திருந்தார். இதைக் கல்யாணமான புதிதில் றஸாக் லைலாவிடம் சொன்னார். வாப்பாவுக்காக அவர் பரிதாபப்படுவதாகத்தான் அவள் முதலில் நினைத்தாள். அவர் வியந்து பேசியது அந்தச் சங்கிலியைப் பற்றி என்பது பிறகுதான் விளங்கியது.

சுனாமி வந்து போன பின் அவருக்கு ஓயாத வேலை. வேலியும் இல்லை, கிணற்றுக் கட்டும் இல்லை. சனங்கள் வெறும் மணலில் நின்று இதுதான் எங்கட குசினி என்று காட்டினார்கள். அலைக்குத் தப்பிய ஒரேயொரு அறையில் பிள்ளைகளோடு இருந்த ஒரு விதவை, தன் எல்லை எங்கே என்று கேட்டாள். அளந்து பார்த்தால் அந்த அறையின் பாதி பக்கத்து வளவுக்குள் நின்றது. றஸாக் அப்படியே சொன்னார். இதைக் கேள்விப்பட்டு லைலா மனம் பொறுக்காமல் கேட்டபோது, "எல்லை எங்க எண்டு கேட்டாங்க, சொன்ன," என்றார். அதற்கு மேல் கதையில்லை. கேட்காததை அவர் சொல்ல மாட்டார். கேட்டால் ஓர் அங்குலமும் மழுப்ப மாட்டார். இதை ஒரு குணம் என்று எடுத்துக்கொள்வதா, ஒரு குறை என்று எடுத்துக்கொள்வதா என்று லைலாவால் தீர்மானிக்க முடியவில்லை.

அந்த அலையில்தான் லைலாவின் உம்மாவும் போனார். அடக்கம் செய்ய மையித்தாவது கிடைத்தது. பல பேருக்கு அந்த ஆறுதலும் கிடைக்கவில்லை. ஊரே ஓடிக்கொண்டிருந்த அந்த நாளில் முகைதீன்பாவா மரைக்கார் பள்ளிக்குப் பக்கத்து மையவாடியில், பள்ளிச் சுவரை நேராக வைத்து நூல் பிடித்து, தன் கையாலேயே கபுறு வெட்டினார். கபுறுக்குள் இறங்கி மனைவியின் முகத்தைத் தொழும் திசையான கிப்லாவின் பக்கம் திருப்பி வைத்ததும் அவர்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் விடியலில் சுபஹு தொழுதுவிட்டு வெளியே வரும்போது அந்தக் கபுறடியில் ஒரு சலாம் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். அவர் துயரத்துக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. அந்த ஒழுங்கின் மேல் அவர் நிம்மதி நின்றது.

அந்தக் கரையில் யாராவது புதிதாக ஒரு வீட்டுக்கு வந்து தொழ எந்தப் பக்கம் நிற்பது என்று கேட்டால், திசைகாட்டி தேவையில்லை. "கடலுக்கு முதுகக் காட்டி நில்லுங்க," என்பார்கள். கடல் கிழக்கே, ஆகவே முதுகைக் கடலுக்குக் கொடுத்தால் முகம் மேற்கே, மேற்கே மக்கா. பள்ளிக்கு அத்திவாரம் போட்ட அன்று மரைக்காரின் பாட்டனாரான மூத்தவாப்பாவும் இப்படித்தான் நின்றாராம். கடல் அலை ஒதுங்கும் கோட்டுக்குக் குறுக்காக நூல் இழுத்து, அந்த நேரில் சுவர் எழுப்பினார்கள். கரை நேர் வடக்குத் தெற்காக ஓடவில்லை, கொஞ்சம் சரிந்து கிடக்கிறது என்பதை யாரும் யோசிக்கவில்லை. மக்காவும் நேர் மேற்கில் இல்லை. இங்கிருந்து பார்த்தால் மேற்குக்குச் சற்று வடக்கே தள்ளி இருக்கிறது. இரண்டு பிழையும் ஒன்றையொன்று சரிக்கட்டியிருக்கலாம். இரண்டும் ஒரே பக்கம் சேர்ந்துவிட்டன.

மூன்று வருடங்களுக்கு முன் பள்ளிக்கு மேல்மாடி கட்டுவதென்று தீர்மானித்தபோது பேச்சு கிளம்பியது. கிளப்பியவன் றிபாத், லைலாவின் தம்பி. கல்யாணமாகி மருதமுனையில் இருந்தாலும் நிர்வாக சபையில் செயலாளர் அவன்தான். தன் போனில் பார்த்தால் பள்ளியின் நேர் பிழையாகத் தெரிகிறது என்றான். மற்றவர்களும் தங்கள் போன்களை எடுத்து முற்றத்தில் சுற்றிச் சுற்றி நின்றார்கள். கூரைக்கென்று அடுக்கியிருந்த கம்பிகளுக்குப் பக்கத்தில் நின்றவனுக்கு ஒரு திசை, கிணற்றடியில் நின்றவனுக்கு இன்னொரு திசை. ஒருவர் சொன்னார்: "இவன்ட போன் மக்காவக் காட்டுது, எண்ட போன் மன்னாரக் காட்டுது." எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை தொழுகையில் நான்கைந்து பேர் ஸப்பு வரிசையில் சற்றுச் சரிந்து நின்றார்கள். வரிசை குலைந்தது. கந்தூரிச் சோற்றில் பக்கத்துப் பக்கத்தில் இருந்து சாப்பிட்டவர்கள் சலாம் சொல்வதை நிறுத்தினார்கள்.

றிபாத் வீட்டுக்கு வந்தான். "மச்சான், ஒங்கட மெஷினக் கொண்டாங்க. இந்தப் போனையெல்லாம் நம்பிப் பள்ளி உடையப் போகுது."

றஸாக் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. மாமனார்தான் முடித்து வைத்தார். சபைக் கூட்டத்தில் எழுந்து, எங்கள் மூத்தவாப்பா பிடித்த நூல் பிழைக்காது, அதை என் மருமகனே அளந்து எல்லோருக்கும் காட்டுவார், அவர் என்ன சொல்கிறாரோ அதுதான் முடிவு என்று அறிவித்துவிட்டு வந்தார். வீட்டுப் படியேறும்போது அவர் முகத்தில் பழைய சிரிப்பு இருந்ததை லைலா கண்டாள். உம்மா போன பிறகு அந்தச் சிரிப்பை அவள் அதிகம் கண்டதில்லை.

றஸாக் முதலில் யாருக்கும் சொல்லாமல் அளந்தார். நில அளவைக் கற்கள் இரண்டிலிருந்து பள்ளியின் இடத்தைக் குறித்து, கருவியால் சுவரின் நேரை எடுத்து, மக்காவின் திசையைக் கணக்குப் போட்டார். ஒரு முறைக்கு மூன்று முறை போட்டார். முடிந்த அன்று அவருடைய பழைய கூட்டாளி இராசதுரை வந்திருந்தார். ஒரே கந்தோரில் காலமெல்லாம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். லைலா தேத்தண்ணி கொண்டுபோனபோது இருவரும் தாழ்ந்த குரலில் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"எவ்வளவு வருது?" என்று கேட்டார் இராசதுரை.

"முப்பத்தஞ்சு பாகைக்குக் கிட்ட."

இராசதுரை கோப்பையைக் கீழே வைத்தார். "காணி எண்டா ஒரு கல்லப் புடுங்கி மற்றப் பக்கம் நடலாம். இதில நீ எந்தக் கல்லப் புடுங்கப் போறாய்?"

"நான் ஒண்டும் புடுங்கல்ல. கேட்டாங்க, சொல்லப் போற."

"கேக்கிற மனிசனுக்கு, தான் என்னத்தக் கேக்கிற எண்டு தெரியுமா றஸாக்?"

றஸாக் கணக்குத் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். யோசித்து மடித்தாரா, அலுத்து மடித்தாரா என்று லைலாவுக்குப் பிடிபடவில்லை.

அடுத்த நாள் பகல் சாப்பாட்டில் அவள் கேட்டாள். வாப்பா உங்களை நம்பித்தான் ஊருக்கே சொல்லியிருக்கிறார் என்று தொடங்கினாள்.

"பொய் சொல்லச் சொல்றீங்களா?" என்றார் றஸாக்.

"பொய் சொல்ல வேணாம். மெஷின் பழுது எண்டு சொல்லுங்க."

"அது பொய் இல்லாம வேற என்ன?"

அவளுக்கே சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்போடு பேச்சு முடிந்துவிட்டது. அன்று அதை முடிய விட்டதற்காக லைலா பிறகு நெடுங்காலம் தன்னை நொந்துகொண்டாள்.

கருவியும் கணக்கும் சனங்களுக்கு விளங்காது என்று றஸாக்குக்குத் தெரியும். மே மாதக் கடைசியில் ஒரு நாள், மக்காவில் நடுப்பகல் ஆகும்போது சூரியன் கஃபாவுக்கு நேர் உச்சியில் நிற்கும். அந்த நேரம் இங்கே பிற்பகல், மூன்று மணிக்குச் சற்று முன். அப்போது செங்குத்தாக ஒரு நூலைத் தொங்கவிட்டால், அதன் நிழல் விழும் கோட்டின் மறுமுனை கஃபாவைக் காட்டும். இதற்குப் படிப்பு வேண்டாம், கண் போதும். ஒரு மேசனிடம் தூக்குக் குண்டு வாங்கி, பள்ளி முற்றத்தில் முக்காலி வைத்துத் தொங்கவிட்டார். குண்டு காற்றில் ஆடாமல் இருக்க அதைத் தண்ணீர் வாளிக்குள் இறக்கினார்.

லைலாவின் வீட்டு மாடி ஜன்னலிலிருந்து முற்றமும் மையவாடியும் தெரியும். பக்கத்து வீட்டுப் பெண்களும் வந்து நின்றார்கள். முற்றத்துச் சீமெந்துக் கற்கள் பள்ளிச் சுவரோடு ஒத்துப் பதித்தவை. நிழல் அந்தக் கற்களின் கோட்டில் விழும் என்று காத்திருந்தார்கள். நேரம் வந்தது. றஸாக் குனிந்து நிழலின் மேல் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு இழுத்தார். அது கற்களைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. மேலிருந்து பார்க்கையில் யாரோ ஒரு கடிதத்தை அடித்துவிட்டது போலிருந்தது.

மௌலவி முன்னுக்கு வந்தார். நல்ல மனிதர், நேரமறிந்து பேசுபவர். தெரியாமல் தொழுத தொழுகைக்குக் குற்றமில்லை, முயன்று திசை தேடியவர்களின் தொழுகையை அல்லாஹ் ஏற்றுக்கொள்வான், இனி தெரிந்தபடி நிற்போம் என்றார். கூட்டம் மூச்சு விட்டது. றிபாத் ஸப்புக் கோட்டை எப்படி மாற்றுவது என்று பேசத் தொடங்கிவிட்டான்.

முகைதீன்பாவா மரைக்கார் மட்டும் சுண்ணாம்புக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மருமகனிடம் வந்தார். அவர் குரல் பெரிதல்ல, ஆனால் முற்றம் அடங்கியிருந்ததால் ஜன்னல் வரைக்கும் கேட்டது.

"தொழுகைக்கு மௌலவி சொல்லிப்போட்டார். அப்ப கபுறுல கிடக்கிறவங்க, மனே?"

மௌலவி வாயெடுத்தார். ஆனால் கேள்வி அவரிடம் கேட்கப்படவில்லை. லைலா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஒன்றும் சொல்லாதீங்க என்று மனதுக்குள் சொன்னாள். அல்லாஹ்தான் அறிவான் என்று சொல்லியிருக்கலாம். எந்த முஸ்லிமும் எந்த நேரத்திலும் சொல்லக்கூடிய வார்த்தை அது, பொய்யும் இல்லை.

"கபுறெல்லாம் பள்ளிச் சுவருக்கு நூல் புடிச்சதுதானே மாமா," என்றார் றஸாக். "அதிலயும் இதே வித்தியாசந்தான்."

"நான்தானே அவட முகத்தத் திருப்பி வெச்ச," என்றார் முகைதீன்பாவா. அது யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை.

பள்ளிக்குள் ஸப்புகள் மாறின. சுவர்கள் பழைய திசையில் நிற்க, விரிப்புகள் சரிந்து கிடந்தன. மூலைகளில் யாருக்கும் பயன்படாத முக்கோணங்கள் மிஞ்சின. செருப்பு வைக்கவும் முடியாது, ஆள் நிற்கவும் முடியாது. பிணக்கு தீர்ந்தது, சலாம் திரும்பி வந்தது. றஸாக்கை மற்ற ஊர்ப் பள்ளிகளிலிருந்தும் தேடி வந்தார்கள். ஒரு பள்ளி அவரால் உடையாமல் காப்பாற்றப்பட்டது என்றுதான் ஊர் இன்றைக்கும் நினைக்கிறது. அது பொய்யென்று சொல்வதற்கில்லை.

முகைதீன்பாவா புதிய ஸப்பில் எல்லோரோடும் நின்று தொழுதார். எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் சுபஹுக்குப் பின் கபுறடிக்குப் போவது நின்றது. லைலா விசாரித்தபோது முழங்கால் வலி என்றார். மையவாடி பள்ளி வாசலிலிருந்து வீட்டை விடக் கிட்ட. மருமகனோடு கதைப்பதை அவர் நிறுத்தவில்லை. வயல் விலை, மழை, மீன் எல்லாம் கதைத்தார். கேள்வி மட்டும் கேட்பதில்லை. மூன்று மணியா நாலு மணியா என்பதைக்கூட மகளிடம்தான் கேட்டார். றஸாக் கேட்காததைச் சொல்லாத மனிதர். ஆகவே இருவருக்கும் நடுவே சாப்பாட்டு மேசையில் அமைதி வளர்ந்தது.

அடுத்த வருடம் உண்மையாகவே முழங்கால் விட்டுவிட்டது. வீட்டு முன்மண்டபத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தபடி தொழுதார். றிபாத் வந்து புதிய திசைக்குத் தரையில் ஒரு நாடா ஒட்டிக் கொடுத்தான். லைலா நாளும் கூட்டும்போது கவனித்தாள்: கதிரை அந்த நாடாவோடு ஒத்து இருப்பதில்லை. பழைய திசையிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவே எங்கேயோ ஒரு நேரில், நாளுக்கு நாள் கொஞ்சம் மாறி, ஒரு முடிவுக்கு வராத மனம் போல நின்றது. ஒரு நாள் றஸாக் அந்தக் கதிரைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்ததை அவள் கண்டாள். அவர் கண் எதை அளக்கிறது என்று அவளுக்குத் தெரியும். காலால் ஒரு தட்டுத் தட்டினால் கதிரை நேராகிவிடும். அவர் தட்டவில்லை. போய்விட்டார்.

போன மாரியில், விடாமல் தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில் முகைதீன்பாவா மரைக்கார் மௌத்தானார். இரத்த அழுத்தம் என்றார்கள். வயதும் இருந்தது. இராசதுரை குடை பிடித்துக்கொண்டு வந்து, றஸாக்கின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வேறு யார் வந்து என்ன சொன்னார்கள் என்பது லைலாவுக்கு நினைவில்லை. வாப்பாவை எங்கே வைப்பது என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. உம்மாவின் கபுறுக்குப் பக்கத்தில் அவருக்கென்றே விட்ட இடம் இருந்தது.

அந்தச் சுண்ணாம்புக் கோட்டுக்குப் பிறகு மையவாடியில் வெட்டிய கபுறுகள் எல்லாம் புதிய நேரில்தான். பழையவை கரையோடு ஒத்து வரிசையாகக் கிடக்க, புதியவை அவற்றுக்குச் சரிந்து கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் றஸாக்தான் வந்து நூல் பிடித்துக் கொடுப்பார். ஊரில் அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டிருந்தது. வெட்டுகிறவர்கள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அவருக்காக நின்றார்கள். லைலா பெண்களிடமிருந்து விலகி ஜன்னலுக்கு வந்தாள்.

றஸாக் கருவியைக் கொண்டுபோகவில்லை. இரண்டு தடியும் நூலும் மட்டும் கையில் இருந்தன. ஈர மணலில் ஒரு தடியை ஊன்றி, நூலின் மறுமுனையை றிபாத்திடம் கொடுத்தார். அவனைக் கொஞ்சம் இப்பக்கம், கொஞ்சம் அப்பக்கம் என்று கையால் நகர்த்தினார். பிறகு கண்ணை மூடித் திறந்து பார்த்தார். அவசரமில்லை. நூல் உம்மாவின் கபுறோடு அச்சொட்டாக ஒத்து நின்றது. மேலிருந்து பார்த்த லைலாவுக்கு அதில் ஐயமில்லை. பக்கத்தில் நின்ற றிபாத்துக்கும் இருந்திருக்காது.

"மச்சான், இது பழைய நேர்," என்று அவன் சொன்னது பின்னால் அவன் வாயாலேயே அவளுக்குத் தெரிந்தது.

"நூல இறுக்கிப் புடிங்க," என்று மட்டும் சொன்னாராம் றஸாக்.

மௌலவி கபுறடிக்கு வந்தவர் நூலைப் பார்த்தார், றஸாக்கைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. ஊரில் யாருக்கும் அந்த அளவைச் சரிபார்க்கும் தகுதி இல்லை என்று ஊரே நம்பியிருந்தது. வெட்டினார்கள். மணல் சரியச் சரியப் பலகை கொடுத்து வெட்டினார்கள்.

அவருடைய நேர்மையில் விழுந்த முதல் ஓட்டையா அது, அல்லது அதுதான் அவருடைய முதல் நேர்மையா என்று லைலா யோசித்ததுண்டு. மாமனாரிடம் மன்னிப்புக் கேட்டாரா? அப்படியானால் எந்தக் கணக்கில் கேட்டார்? வாப்பாவே கடைசியில் எந்த நேரை விரும்பினார் என்பது அந்தக் கதிரைக்கும் தெரியாது. விருப்பம் தெரியாத ஒருவரின் முகத்தைத் தான் பிழையென்று அறிந்த திசையில் வைப்பது அன்பா, இன்னொரு விதமான ஆணவமா?

கேட்டால் மழுப்பாமல் சொல்கிற மனிதர் அவர். மழை விட்ட ஒரு பின்னேரம், அவர் ஜன்னலடியில் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தபோது, லைலா பக்கத்தில் போய் நின்று கேட்டாள்.

"வாப்பாட கபுறுக்கு ஏன் அந்த நேரப் புடிச்சீங்க?"

றஸாக் அவளைத் திரும்பிப் பார்த்தார். கேள்வி விளங்காதவர் போல் அல்ல. பிறகு அஸர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று தொப்பியை எடுத்துக்கொண்டு, சரிந்த ஸப்புகள் கிடக்கும் அந்தப் பள்ளிக்குப் போனார்.